ஒரே பச்சைப் பட்டை

ஆகஸ்ட் 12, திங்கள்

நந்தகோபாலைப் பழிவாங்குவதென்று இன்று முடிவு செய்தேன். எப்படி என்று இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை கோபம் ஆறிவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்த டைரி. ஏதோ பாத்திரக்கடை பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் ஹாஸ்டல் ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன்.

ஆபீஸில் அவனை 'நீங்க, வாங்க' என்கிறேன். 'சார் வேண்டாம், நந்தான்னே கூப்பிடுங்க' என்பது அவனுடைய பெருந்தன்மை. இங்கே அவன் அவன்தான்.

காலையில் மொத்த ஆபீஸும் கூடியிருந்த கூட்டத்தில் சிப்புக்கான என் லேஅவுட் வரைபடத்தைத் திரையில் போட்டு, "நான் இதை வேற மாதிரி யோசிச்சேன்" என்றான். அவன் யோசித்தானாம். மூன்று வாரம் கண் எரிய எரிய நான் வரைந்தது அது. அதைவிடக் கொடுமை, அவன் பேசப் பேச ஸ்லைடு மாற்றிக்கொண்டிருந்தது நான். "இசை, நெக்ஸ்ட்" என்பான், நான் பட்டனை அமுக்குவேன். என் பெயர் இசக்கியம்மாள். வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாது என்று சேர்ந்த முதல் வாரமே 'இசை' ஆக்கிவிட்டான். இந்தச் சிப்பை வாங்கப்போகிறவர்கள் ஓசூர்க்காரர்கள்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் ஆபீஸின் தலைவி மாலதி மேடம் எழுந்து, நந்தா இன்று முதல் லேஅவுட் பிரிவுக்கு மேனேஜர் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கையில் மவுஸ் இருந்ததால் ஒரு கையால் மேஜையைத் தட்டினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. குளிக்காமல் போனேன். ஏசியில் யாருக்கும் தெரியாது.

அம்மா ஃபோனில் வந்தாள். அவன் எதைத்தான் திருடினான், புரிகிற மாதிரி சொல் என்றாள். அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்குச் சிப்பை எப்படி விளக்குவது? முயன்று பார்த்தேன்.

சிப்பில் டிரான்சிஸ்டர் என்பது எங்கள் திரையில் ஒரு பச்சைப் பட்டையும், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு சிவப்புக் கோடும். அந்தப் பச்சையை டிஃப்யூஷன் என்போம். சிவப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களின் கால்களுக்கு ஒரே கம்பிதான் வரப்போகிறது என்றால் தனித்தனியாக இரண்டு பச்சைத் துண்டு எதற்கு? ஒரே துண்டில் இரண்டும் கால் வைத்துக்கொள்ளலாம். இடம் மிச்சம். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் சிப், நெஞ்சில் பிளாஸ்திரி போல ஒட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் படிப்பதற்கானது. அதில் ஜோடி ஜோடியாக டிரான்சிஸ்டர்கள் உண்டு. ஜோடியில் ஒன்று உடம்பில் ஓர் இடத்தைக் கேட்கும், இன்னொன்று வேறோர் இடத்தை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துடிப்பு. ஆகவே அவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும், இம்மி பிசகக் கூடாது. நந்தா தனித்தனித் தீவுகளாக வரையச் சொன்னான், சிப்பில் இடம் போதவில்லை. நான் ஜோடியில் ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாக்கி, அ, ஆ, ஆ, அ என்று வரிசையாக நிறுத்தினேன். எந்த இரண்டு பக்கத்தில் வந்தாலும் நடுக்காலுக்கு ஒரே கம்பி. மொத்த ஜோடியும் வெட்டே இல்லாத ஒரே பச்சைப் பட்டையில் நின்றுவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அதை அம்மாவுக்கு ஷேர் ஆட்டோவை வைத்துச் சொன்னேன். பின் சீட்டில் நாலு பேர். நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி, ஓரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கம் நெருக்கடி, மறுபக்கம் சாரல். பச்சைப் பட்டை முடிகிற இடத்திலும் ஓர் அகழி உண்டு, அதன் அருகில் இருக்கிற டிரான்சிஸ்டரின் குணம் கொஞ்சம் மாறும். என் வரிசையில் இரண்டு ஓரத்திலும் 'அ'தான். அதனால் இரு முனையிலும் வேலை எதுவும் செய்யாத ஒரு டிரான்சிஸ்டரை உட்கார வைத்தேன். சாரலை அது வாங்கிக்கொள்ளும், ஜோடி நனையாது. டம்மி என்போம்.

"அப்போ ஓரத்துல இருக்கது ஒரு வேலையும் செய்யாதாட்டி?" என்றாள் அம்மா.

செய்யாது என்றேன். பாவம் என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பாவம் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அம்மா முந்திரிக்கொத்து அனுப்பியிருந்தாள். எவர்சில்வர் டப்பா. மூடியில் என் பெயர் முழுசாக, புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். சென்னையில் என் முழுப்பெயர் இருக்கிற இடம் அந்த மூடிதான்.

டப்பாவோடு நேற்று ஜெசிந்தா அக்காவிடம் கொடுத்தேன். என் பக்கத்து இருக்கை. நாங்கள் வரைவதையெல்லாம் கடைசியாகச் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. தூத்துக்குடிக்காரி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். வீட்டுக்காரர் கப்பலில், குழந்தை மாமியாரிடம். குழந்தைக்காக வேலையை விட்டவள், இப்போதுதான் திரும்பச் சேர்ந்திருக்கிறாள், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இன்று காலையே டப்பா மக்ரூனோடு திரும்பி வந்தது. எதற்கு அக்கா என்றால், "வெறும் பாத்திரத்தை எப்படிட்டி குடுக்க? எங்க வீட்டுல குடுத்துப் பழக்கமில்ல" என்கிறாள்.

எங்கள் வீட்டிலும்தான். ஆபீஸில் எனக்கு வேறு சிநேகிதம் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நந்தா சட்டையில் தேங்காய்ச் சட்னி. வாடிக்கையாளர் வீடியோவில் வருகிற நேரம். பார்த்தேன், சொல்லவில்லை. கால் மணி நேரம் சட்னியோடு பேசினான். சின்ன விஷயம்தான், ஆனால் மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஓசூரிலிருந்து அன்வர் நேரில் வந்தார். அவர்கள் கம்பெனியின் இன்ஜினீயர். பிளாஸ்திரியின் மாதிரியைக் கொண்டுவந்து எங்கள் கையில் கொடுத்தார். தீப்பெட்டியில் பாதி. மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு என்றார். டாக்டர் இல்லாத நேரத்தில் நர்ஸ் இதை ஒட்டிவிட்டு, கீழே போக ஆம்புலன்ஸ் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வாராம்.

இன்னும் கொஞ்சம் சின்னதாக முடியுமா என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். நந்தா உடனே மார்பை நிமிர்த்தி, குறைத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். எங்கிருந்து குறைப்பான்? நான் ஏற்கெனவே கறந்த மாடு அது.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. ஹாஸ்டல் கொழுக்கட்டை கல். துணி துவைத்தேன்.

செப்டம்பர் 11, புதன்

கிடைத்துவிட்டது. நான் தேடாமல் அவனே கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

மதியம் என் இருக்கைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, திரையில் விரலை வைத்தான். "இசை, இந்த ரெண்டு ஓரத்துல இருக்கறது எதுக்கு? இதுல சிக்னலே போகலையே. தேவையா?"

இது அவனுடைய லேஅவுட் அல்லவா, மொத்த ஆபீஸ் முன்னால் அவன் யோசித்தது. அதில் ஓரத்தில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க யோசிச்ச லேஅவுட்தானே நந்தா. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். மிகவும் பணிவாகச் சொன்னேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது, உடனே சமாளித்துக்கொண்டான். "இல்ல, எனக்குத் தெரியும். இடம் வேஸ்ட்டுன்னு தோணுது, அதான்."

"வேஸ்ட்டுன்னு தோணினா எடுத்துடலாம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. தோன்றினால் என்றுதான் சொன்னேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் கேட்கவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா அக்கா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலையாக இருந்தாள்.

செப்டம்பர் 12, வியாழன்

எடுத்துவிட்டான். எல்லா ஜோடிகளிலும், இரண்டு ஓரங்களிலும். சர்க்யூட் படத்திலிருந்தும் எடுத்துவிட்டான், அதனால் சோதனை எதிலும் மாட்டாது. சோதனை மென்பொருள், கோடுகளுக்கிடையே இடைவெளி சரியா, சர்க்யூட்டில் இருப்பது லேஅவுட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் சரி. ஓரத்து நெருக்கடியைக் கணக்கில் எடுக்கிற சோதனை ஒன்று தனியாக உண்டு, அது ஓடி முடிய நாளாகும்.

பாத்ரூமுக்குப் போய்ச் சிரித்தேன்.

இனி இந்த 'அ'க்கள் சாரலில் நனையும், 'ஆ'க்கள் நடுவில் சொகுசாக இருக்கும். இரட்டைப் பிள்ளைகள் இரட்டையாக இருக்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் டேப்-அவுட், அதாவது வரைபடம் தொழிற்சாலைக்குப் போகும் நாள். போனால் போனதுதான், திரும்பக் கூப்பிட முடியாது. தை மாதவாக்கில் சிப் திரும்பி வரும். மேஜையில் வைத்து மின்சாரம் கொடுப்பார்கள். துடிப்பு வர வேண்டிய இடத்தில் கோடு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது மாலதி மேடம், இது யார் யோசித்தது என்று கேட்பார். நான் யோசித்தேன் என்று அவன் சொல்லியிருக்கிறான், எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

அந்த முகத்தைப் பார்க்க நான் லீவு போடாமல் வருவேன்.

செப்டம்பர் 19, வியாழன்

வாராந்திரக் கூட்டம். இன்னும் சுருக்கிவிட்டதாக நந்தா ஸ்லைடு போட்டான். அன்வர் வீடியோவில் மகிழ்ந்துபோனார். கை தட்டியதில் என் சத்தம்தான் அதிகம். இன்றைக்கு இரண்டு கையாலும் தட்டினேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஜெசிந்தா அக்காவின் குழந்தைக்குக் காய்ச்சல். லீவு கேட்டிருக்கிறாள், வேலை நிரந்தரமாகிற நேரத்தில் லீவு எதற்கு என்று நந்தா சிரித்துக்கொண்டே சொன்னானாம். அந்த நீளமான சோதனையையும் நேரமில்லை, வேண்டாம் என்று அடித்துவிட்டானாம்.

டீ குடிக்கும்போது, "ஏட்டி, இந்த ஜோடிக்கு ஓரத்துல முன்ன என்னமோ இருந்த மாரி ஞாபகம். ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

நந்தாவிடம் கேளுங்கள் அக்கா என்றேன்.

அவள் டம்ளரைக் கழுவ எடுத்துப் போனாள். என்னுடையதையும் சேர்த்து.

செப்டம்பர் 28, சனி

சனிக்கிழமையும் வேலை. அக்கா சுறாப்புட்டு கொண்டுவந்தாள், எனக்கென்று தனியாக, எங்கள் இருவருக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கிற என் டப்பாவில். எனக்கு வயிறு சரியில்லை. ஹாஸ்டல் பூனைக்குப் போட்டேன். அருமையாக இருந்தது என்று மெசேஜ் அனுப்பினேன்.

வயிறு சரியில்லாததற்கு ஹாஸ்டல் சாம்பார்தான் காரணம்.

அக்டோபர் 3, வியாழன்

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

டேப்-அவுட்டுக்கு முன் கடைசிக் கையெழுத்து யாருடையது என்று இன்று பேச்சு வந்தது. வழக்கமாக லேஅவுட் மேனேஜர் போடுவது. நந்தா, "ஜெசிந்தா போடட்டும், அவங்களுக்கும் ஒரு அங்கீகாரம்" என்றான். மாலதி மேடம் சரி என்றார். அக்கா சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அங்கீகாரமாம். எங்கள் தொழிலில் சிப் செத்துப் பிறந்தால் முதலில் பார்ப்பது கடைசியாக யார் கையெழுத்து என்பதைத்தான். போன வருடம் கீழ்த்தளத்துக் கம்பெனியில் ஒருவரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவன் ஏதோ ஒன்று தனக்குப் புரியவில்லை என்பதை உணர்ந்திருக்கிறான். அதனால் தன்னைச் சுற்றி அகழி வெட்டிக்கொண்டு, ஓரத்தில் அக்காவை உட்கார வைத்துவிட்டான். தை மாதம் அவன் முகத்தில் ஈயாடாது என்று நினைத்திருந்தேன். ஈயாடாமல் போகப்போவது அக்கா முகத்தில்.

அக்காவின் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். அவள் ஒரு தவறு என்று எழுதுவாள், நந்தா நன்றி சொல்லிவிட்டு ஒரு மத்தியானத்தில் திருத்துவான், யோசித்தது நான்தான் என்று மறுபடியும் ஸ்லைடு போடுவான். அது நடக்கக் கூடாது. அதற்கா இத்தனை நாள் வயிறெரிந்தேன்?

கடைசிக் கூட்டம் புதன்கிழமை. மாலதி மேடம் இருப்பார், அன்வர் இருப்பார், எல்லோரும் இருப்பார்கள். அங்கே கேட்கிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

மழை. ஷேர் ஆட்டோவில் ஓர இடம்தான் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்க நனைந்து போய்ச் சேர்ந்தேன். அக்கா தன் துண்டைக் கொடுத்தாள். தலை துவட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்லிவிடலாமா என்று இருந்தது. புதன்கிழமைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது? துண்டை மடித்துக் கொடுத்தேன்.

அக்டோபர் 9, புதன்

ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

கூட்டத்தில் எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டாள். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மாலதி மேடம் சம்பிரதாயத்துக்குக் கேட்டார். நான் கையைத் தூக்கினேன். குரல் நன்றாகவே வந்தது.

"நந்தா, ஜோடிகளோட ரெண்டு ஓரத்துலயும் முன்னாடி ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. அது எதுக்கு இருந்தது, ஏன் எடுத்தீங்கன்னு சொல்ல முடியுமா?"

இடத்தைச் சேமிக்க எடுத்ததாகச் சொன்னான். மாலதி மேடம் பதினைந்து வருடத்துக்கு முன் லேஅவுட் வரைந்து வந்தவர். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "எடுத்தது சரி. எதுக்கு இருந்துச்சு?" என்றார்.

நந்தா திரையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்காகத்தான் நான் ஆகஸ்ட் மாதத்திலிருந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்துகொண்டிருந்தேன். அதை நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன்.

பிறகு அவன் ஒன்று செய்தான். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம். இது இசக்கியம்மாளோட லேஅவுட். ஆரம்பத்துலேர்ந்தே அவங்களோடதுதான். எடுக்கறதுக்கு முன்னாடி தேவையான்னு நான் அவங்ககிட்டதான் கேட்டேன். எடுத்துடலாம்னு அவங்கதான் சொன்னாங்க."

முழுப்பெயர். ஒரு எழுத்து விடவில்லை. நான் எதற்காக நெஞ்சு வெந்தேனோ அதை மொத்த ஆபீஸ் முன்னால் அவன் வாயாலேயே சொல்லிவிட்டான், பழியைச் சேர்த்துக் கட்டி என் தலையில் வைத்து.

மாலதி மேடம் என் பக்கம் திரும்பினார். அப்படிச் சொன்னாயா என்றார்.

"இல்ல மேடம். கேட்டிருந்தா எதுக்குன்னு சொல்லியிருப்பேனே" என்றேன்.

எழுந்து போய் வெள்ளைப் பலகையில் வரைந்தேன். பச்சைப் பேனாவால் ஒரே பட்டை, குறுக்கே சிவப்புக் கோடுகள், அ, ஆ, ஆ, அ, இரண்டு பக்கமும் அகழி, ஓரத்தில் அவை இரண்டும். ஏன் எல்லாவற்றையும் ஒரே பச்சையில் நிறுத்தினேன், அப்படி நிறுத்தினால் ஏன் ஓரத்துக்குக் காவல் வேண்டும், காவலை எடுத்தால் சிப்புக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளும் பார்க்காமல் சொன்னேன். அன்வர் வீடியோவில் முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு தெரிந்தவள் எடுக்கச் சொல்லியிருப்பாளா என்று எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. நந்தா மட்டும், "கேட்டேன் மேடம், அவங்க சீட்டுலயே வந்து கேட்டேன்" என்று மறுபடி மறுபடி சொன்னான். சொல்லச் சொல்ல அவன் சொல் மதிப்பிழந்துகொண்டே போனது.

மாலதி மேடம் விடவில்லை. "ஜெசிந்தா, நீங்க பக்கத்து சீட்டுதானே. இவர் வந்து கேட்டாரா?"

அக்கா திறந்த பேனாவை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாது மேடம். நான் ஹெட்போன் போட்டிருந்தேன்."

அதோடு நந்தகோபால் முடிந்தான். கையெழுத்து நின்றது, டேப்-அவுட் தள்ளிப்போனது. இந்தப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்பது பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று மாலதி மேடம் சொன்னார்.

வென்றுவிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து இரண்டு பாக்கெட் சிப்ஸ் தின்றேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை லீவு என்பதால் ஆபீஸில் இன்றே பூஜை. எல்லா மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம். மவுஸுக்குக்கூடப் பொட்டு. காலையிலேயே ஓரத்து டிரான்சிஸ்டர்களை எல்லா ஜோடிக்கும் திரும்ப வைத்துவிட்டேன். அந்த நீளமான சோதனையையும் ஓடவிட்டாயிற்று, லீவு முடிவதற்குள் முடிந்துவிடும்.

மத்தியானம் மாலதி மேடத்தின் மெயில். அடுத்த சிப்புக்கு லேஅவுட் பொறுப்பு இசக்கியம்மாள். நந்தகோபால் என் கீழே வேலை செய்வார். மெயிலை அம்மாவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டினேன். "கரிச்சுக் கொட்டினியே, இப்பம் நிம்மதியா?" என்றாள். நிம்மதி என்றேன்.

சாயங்காலம் பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை கொடுத்தார்கள். என் டப்பாவில் நிரப்பி, குழந்தைக்கு என்று அக்காவிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம்.

"அன்னைக்குப் பாட்டு ஒண்ணும் ஓடலட்டி" என்றாள். "பிள்ளைக்குக் காச்சல் வாரதும் போறதுமா இருந்துச்சு. அத்த ஃபோன் பண்ணா கேக்கணுமேன்னு ஹெட்போன சும்மா மாட்டிருந்தேன்."

நான் லிஃப்ட் எந்த மாடியில் இருக்கிறது என்று பார்த்தேன்.

"நேத்து அந்தக் கேள்விய எனக்காகக் கேட்டியா, அவனுக்காகக் கேட்டியா?"

"உங்களுக்காகத்தான் அக்கா" என்றேன்.

"எனக்காகன்னா எங்காதுல சொல்லிருக்கலாமே. ஒன் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவுல என்ன, சுவரா இருக்கு?"

லிஃப்ட் வந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

அக்டோபர் 14, திங்கள்

லேஅவுட் சோதனையில் தேறியது. அக்கா கையெழுத்துப் போட்டாள். வரைபடம் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. அன்வர் என் பெயரைக் குறிப்பிட்டு நன்றி எழுதியிருந்தார், சரியாக எழுதியிருந்தார்.

காலையில் நான் போனபோது பக்கத்து இருக்கை காலி. குழந்தைக்காகச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருக்கிறது, கதவுப் பக்கம் இடம் வேண்டும் என்று அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாளாம். பதினொரு மணிக்கு அந்த இருக்கையில் நந்தகோபால் தன் மானிட்டரைக் கொண்டுவந்து வைத்தார். பழைய பொட்டு அதில் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, புதுச் சிப்பின் படத்தைத் திறந்து, ஓரத்தில் இருப்பதைக் காட்டி, இது தேவையா இசக்கியம்மாள் என்று கேட்டார். தேவை என்றேன். தலையாட்டினார். பிறகு எழுந்து போய், வேறொருவரிடம் அதையே மெதுவாகக் கேட்டுவிட்டு வந்தார்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது என் மேஜையில் டப்பா இருந்தது. அக்கா வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் இல்லாத நேரமாகப் பார்த்து. மூடியில் என் பெயர் பளபளவென்று தெரிந்தது, புளி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும்.

திறந்தேன். கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்திருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.